கொல்லிமலை ஏற கியர் மாற்றுகிறேன்: 7 கியர் ஃப்ரீவீல் இருந்த இடத்தில் 8 கியர் காசெட் பொருந்துமா?

ராசிபுரம்_மிதி (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது எட்டு வருடப் பழைய ஹைபிரிட் சைக்கிள். 700×35 டயர். முன்னால் 48/38/28 என்று மூன்று பல்சக்கரம், பின்னால் 7 கியர், 14 பல்லிலிருந்து 28 பல் வரை. ஹேண்டிலில் கியர் மாற்றும் ஷிஃப்டர், செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் டீரெயிலர் இரண்டும் ஷிமானோ டூர்னி. ராசிபுரம், நாமக்கல், சேலம் என்று சமதளத்தில் ஓட்ட இது தாராளம்.

ஆனால் கொல்லிமலை ஏற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. போன மாதம் மலை அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து கிளம்பினேன். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. பதினாறாவது வளைவில் முழங்கால் வலி எடுத்துவிட்டது, இறங்கித் தள்ளினேன். இன்னும் லேசான கியர் ஒன்று இருந்திருந்தால் ஏறியிருப்பேன்.

அதனால் 11-32 பல் உள்ள 8 கியர் காசெட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். கடையில் கொடுத்தால், கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "இது உங்க வண்டிக்கு நுழையாது தம்பி, ஹப்பே வேற" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கூட்டமாக இருந்ததால் மேலே கேட்க முடியவில்லை. ஹப் வேறு என்றால் என்ன? வாங்கியது வீண்தானா?

இன்னொன்று. ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது செயின் 'டக்'கென்று ஒரு பல் தாவுகிறது. கியர் வயரை இறுக்கிப் பார்த்தும் சரியாகவில்லை.

கோட்டமெடுப்பவர் (திங்கள், இரவு 10.25)

தம்பி, கடைக்காரர் சொன்னது சரிதான். பின்சக்கரப் பல்செட் இரண்டு வகை. ஒன்று ஃப்ரீவீல். இதில் 'கிரிக் கிரிக்' சத்தம் போடும் பாகமும் பற்களும் ஒரே உருண்டையாக இருக்கும், மொத்தமாக ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடு உருளையின், மரையில் திருகி ஏறும். இன்னொன்று காசெட். இதில் அந்தச் சத்தம் போடும் பாகம் ஹப்போடு சேர்ந்தே இருக்கும். அதன் மேல் நீளவாட்டில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். பற்களை அந்த வரியில் செருகி, முனையில் ஒரு வளையம் போட்டு இறுக்கிவிடுவார்கள். உங்கள் ஹப்பில் மரைதான் இருக்கும், வரி இருக்காது. காசெட் எதில் போய் உட்காரும்?

எது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். சக்கரத்தைக் கழற்றி, பல்செட்டைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கருவி மாட்டும் நடு வளையம் பற்களோடு சேர்ந்து சுற்றினால் காசெட். பற்கள் மட்டும் சுற்றி, நடு வளையம் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். 14-28 என்று சொல்லும்போதே ஃப்ரீவீல் என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஃப்ரீவீல் மரைக்கு ஒரு நல்ல குணம். 1.37 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 24 மரை என்ற அளவு பழைய ஒற்றைப்பல் வண்டியிலிருந்து 7 கியர் வண்டிவரை அநேகமாக ஒன்றேதான். அதனால் 14-34 பல் உள்ள 7 கியர் ஃப்ரீவீல் ஒன்றை வாங்கினால் உங்கள் ஹப்பில் அப்படியே ஏறும், ஷிஃப்டரும் மாற்ற வேண்டாம். மலைக்கு அது போதும் என்பது என் எண்ணம்.

செயின் தாவுவதைப் பற்றி: கியர் வயரைத் தொடாதீர்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, செயினின் ஒரு பின்னின் நடுவில் சுழியத்தை வைத்து, 12 அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் ஒரு பின்னின் நடு சரியாக வந்து நிற்கும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயின் மாற்ற வேண்டிய நேரம். 1/8 தள்ளியிருந்தால் செயினோடு பின்பற்களும் போய்விட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அளந்து சொல்லுங்கள்.

நொய்யல்_கரை (செவ்வாய், காலை 6.15)

கோட்டமெடுப்பவர் அண்ணன் சொன்னதோடு கணக்கையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் 'லேசான கியர்' எவ்வளவு லேசு என்று எண்ணில் பார்த்தால்தான் காசு போடலாமா என்று தெரியும்.

700×35 சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.17 மீட்டர் போகும். உங்கள் மிக லேசான கியர் முன் 28, பின் 28. ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, 2.17 மீட்டர். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 7.8 கி.மீ. அந்த ஏற்றத்தில் 7.8 கி.மீ. வேகத்தை விடாமல் பிடிக்க நல்ல கால் வேண்டும். முடியாதபோது மிதி 40, 35 என்று இறங்கும், பாரம் முழுவதும் முழங்காலில் விழும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

பின்னால் 34 போட்டால் ஒரு மிதிக்கு 1.79 மீட்டர், அதே 60 மிதிக்கு 6.4 கி.மீ. நீங்கள் வாங்கிய காசெட்டின் 32 என்றால் 1.90 மீட்டர், 6.8 கி.மீ. முன்பக்கக் கிராங்கை (பெடல் மாட்டும் கையும் பல்சக்கரங்களும்) 42/34/24 ஆக மாற்றி, பின்னால் 28-ஐ அப்படியே விட்டாலும் 1.86 மீட்டர் கிடைக்கும். நான் ஊட்டிக்கு அப்படித்தான் மாற்றினேன். சமதளத்தில் 48-ஐ நான் தேடவே இல்லை.

கோட்டமெடுப்பவர் (செவ்வாய், காலை 7.50)

கிராங்க் மாற்றுவது நல்ல யோசனைதான், ஆனால் அதில் இழுவை அதிகம். முன் டீரெயிலரைக் கீழே இறக்க வேண்டும். பிபி அச்சு (இரண்டு கிராங்கையும் இணைக்கும் நடு அச்சு) நீளம் புதுக் கிராங்குக்கு ஒத்துவராவிட்டால் சின்னப் பல்லில் செயின் ஃபிரேமை உரசும். சதுரமுனை அச்சிலேயே ஜப்பான் சரிவு, ஐரோப்பியச் சரிவு என்று இரண்டு உண்டு. மாற்றிப் போட்டால் கிராங்க் ஒன்று கூடுதலாக உள்ளே போகும், இல்லை பாதியிலேயே நிற்கும். முதல்முறை கை வைப்பவர் பின்பக்கத்தில் தொடங்குவது நல்லது.

34 பல்லுக்கு டீரெயிலர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இரண்டு எண் முக்கியம். பின்னால் எத்தனை பல் வரை ஏறும் என்பது ஒன்று, மொத்தக் கொள்ளளவு இன்னொன்று. கொள்ளளவு என்றால் பின்பற்களின் வித்தியாசத்தையும் முன்பற்களின் வித்தியாசத்தையும் கூட்டுவது. 34-லிருந்து 14 போனால் 20, 48-லிருந்து 28 போனால் 20, கூட்டினால் 40. டூர்னி டிஒய்300 என்றால் 34 பல் வரை, கொள்ளளவு 43. தாங்கும். டீரெயிலர் கூண்டின் உள்பக்கம் எண் அச்சடித்திருக்கும், துடைத்துப் பாருங்கள்.

தஞ்சை_டீச்சர் (செவ்வாய், மதியம் 1.05)

இழையின் நடுவே கேட்பதற்கு மன்னிக்கவும், பொருத்தம் பற்றிய பேச்சு என்பதால் இங்கேயே கேட்கிறேன். மகளின் சைக்கிளுக்கு 26 இஞ்ச் டயர் வாங்கி வந்தேன். பழைய டயரிலும் 26, புதியதிலும் 26. ஆனால் ரிம்மில் தொளதொளவென்று நிற்கிறது. காற்றடித்தால் ஒரு பக்கம் பிதுங்குகிறது. டயர் கோளாறா, ரிம் கோளாறா?

கோட்டமெடுப்பவர் (செவ்வாய், மாலை 4.30)

டீச்சர், முதலில் அதில் காற்றடிப்பதை நிறுத்திவிடுங்கள். பிதுங்கிய இடத்தில் டியூப் வெடித்தால் காது அடைத்துப்போகும்.

டயரும் கோளாறில்லை, ரிம்மும் கோளாறில்லை. 26 என்ற பெயர்தான் கோளாறு. டயரின் பக்கவாட்டில் விரலால் தடவிப் பாருங்கள், பெரிய எழுத்தில் 26 என்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 37-590 என்பதுபோல் இரண்டு எண் கோடு போட்டு இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மி.மீ. கணக்கில். அந்த இரண்டாவது எண்ணை மட்டும் நம்புங்கள்.

26×1⅜ என்று எழுதியது 590. 26×1½ என்று எழுதியது 584. 26×1.95, 26×2.1 என்று புள்ளி போட்டு எழுதியது மலைவண்டி டயர், அது 559. மூன்றுக்கும் 26 என்றுதான் பெயர், மூன்றும் ஒன்றுக்கொன்று போகாது. உங்கள் ரிம் 559 ஆகவும் வாங்கிய டயர் 590 ஆகவும் இருக்க வேண்டும். விட்டத்தில் 31 மி.மீ. என்றால் சுற்றளவில் கிட்டத்தட்ட 10 செ.மீ. கூடுதல், அதுதான் தொளதொளப்பு. பழைய டயரின் எண்ணைப் பார்த்து அதே இரண்டாவது எண் உள்ளதாக மாற்றிக்கொள்ளுங்கள். முதல் எண் இரண்டு மூன்று கூடக்குறைய இருந்தால் பாதகமில்லை.

28-லும் இதே கதைதான். தாத்தா காலத்துப் பெரிய வண்டியின் 28×1½ என்பது 635. இப்போது ஹைபிரிட்டில் 28 என்று அச்சடிப்பது 622, அதாவது 700சி. 13 மி.மீ.தான் வித்தியாசம் என்பதால் இது இன்னும் மோசம், ஏறுவதுபோலவே போக்குக் காட்டும். நான் சின்னப் பையனாக அப்பா கடையில் உட்கார்ந்திருந்தபோது, 635 ரிம்மில் 622 டயரை ஏற்ற ஒருவர் இரண்டு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அரைமணி நேரம் நெம்பினார். கடைசி ஒரு சாண் ஏறவே இல்லை. உள்ளே டியூபில் நான்கு இடத்தில் கடி. அப்பா அந்த டயரை வாங்கி, எண்ணைத் தடவிக் காட்டினார். அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான்.

தஞ்சை_டீச்சர் (செவ்வாய், இரவு 8.10)

ஐயா, தடவிப் பார்த்தேன். பழையது 50-559, புதியது 37-590. நாளைக்கே மாற்றிவிடுகிறேன். இத்தனை வருடம் இந்த எண் கண்ணில் படவே இல்லை. மிக்க நன்றி.

வடமராட்சி_சைக்கிள் (புதன், காலை 9.20)

இந்த இழையை வாசித்தபோது என் பிரச்சினைக்கும் இங்கே விடை கிடைக்கும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் அப்பப்பாவின் ரலி சைக்கிள் நிற்கிறது. இங்கிலாந்தில் செய்தது. பின் ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர். ரயர், ரியூப் எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டேன், ஓட்டம் நல்லம். பெடல் மிதிக்கும்போது நடு அச்சில் மட்டும் கடகடவென்று ஆட்டம். இந்தியாவிலிருந்து வந்த பிபி கப் (நடு அச்சின் பால்ரஸ் உட்காரும் கிண்ணம்) வாங்கிப் பூட்டிப் பார்த்தேன். கையால் இரண்டு சுற்று நல்லாகப் போனது, பிறகு இறுகி நின்றுவிட்டது. இன்னும் பலமாகத் திருகலாமா?

கோட்டமெடுப்பவர் (புதன், காலை 9.45)

வேண்டாம், வேண்டவே வேண்டாம். கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள்.

இந்தியாவில் வரும் கப் பிஎஸ்ஏ அளவு. பர்மிங்காம் துப்பாக்கிக் கம்பெனி வைத்த அளவு அது, ஒரு அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்காமில் ரலி கம்பெனி தன் வண்டிகளுக்கென்று 26 மரை வெட்டினார்கள். வட்டத்தின் குறுக்களவு கிட்டத்தட்ட ஒன்று என்பதால் முதல் இரண்டு சுற்று சமர்த்தாகப் போகும். அதற்குமேல் மரையும் மரையும் ஏறிக்கொள்ளும். பலம் கொடுத்தால் ஃபிரேமின் மரை சிதையும். கப் மாற்றலாம், ஃபிரேமை என்ன செய்வீர்கள்? ஹேண்டில் பக்கத்து ஃபோர்க் மரையும் ரலியில் 26-தான், அங்கேயும் கவனம்.

நல்ல செய்தி என்னவென்றால் பழைய கப் பெரும்பாலும் சாகாது. அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பால்ரஸ் ஓடும் தடம் கண்ணாடிபோல் ஒரு கோடாக இருந்தால் இன்னும் பல வருடம் ஓடும். அம்மைத் தழும்புபோலக் குழி இருந்தால்தான் கவலை. செயின் பக்கத்துக் கப்பைக் கழற்றாமலே துடைக்கலாம். கழற்றத்தான் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் எதிர்மரை என்பது நினைவிருக்கட்டும். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

பால்ரஸ் மட்டும் புதிதாகப் போடுங்கள். கால் அங்குலம், பக்கத்துக்கு 11. பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். தேய்ந்தது ஒரு மயிரிழை சின்னதாக இருக்கும், பாரம் முழுக்கப் புதியதன் மேல் ஏறும். கிரீஸைக் கப்பில் நிறைய அப்பி, அதில் பால்ரஸை ஒவ்வொன்றாக ஒட்டவைத்தால் உதிராது.

அச்சை எடுக்க, கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின்னைக் கழற்ற வேண்டும். நட்டை முழுவதும் எடுத்துவிட்டுச் சுத்தியலால் தட்டினால் மரை முனை காளான் மாதிரி விரிந்து பின் அங்கேயே சிக்கிக்கொள்ளும். நட்டைப் பின்னின் முனையோடு சமமாக நிற்கும்வரை தளர்த்தி, கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரையோடு முட்டுக்கொடுத்து, ஒரே அடி. முட்டு இல்லாமல் பத்து அடி அடித்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் கப்புக்கும் பால்ரஸுக்கும்தான் போகும். திரும்பப் போடும்போது இரண்டு பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பெடல் இரண்டும் நேர்க்கோட்டில் நிற்காது. போட்டு முடித்து இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

வடமராட்சி_சைக்கிள் (புதன், இரவு 7.30)

நல்லகாலம், பலமாகத் திருகவில்லை. பழைய கப்பைத் துடைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன கண்ணாடிக் கோடு இருக்கிறது. பின் ஹப்பின் மேல் ஊத்தையைச் சுரண்டியபோது 56, அதற்குப் பக்கத்தில் 3 என்று வெட்டியிருக்கிறது. இது என்ன அளவு?

நொய்யல்_கரை (புதன், இரவு 8.00)

அது அளவு இல்லை, பிறந்த தேதி. ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்புகளில் செய்த வருடத்தையும் மாதத்தையும் வெட்டுவார்கள். 1956 மார்ச். உங்கள் அப்பப்பா வண்டியின் வயது இப்போது தெரிந்துவிட்டது, ஹப் நடுவில் மாறாமல் இருந்தால்!

அந்த ஹப்பில் எண்ணெய் விட ஒரு சின்ன மூடி இருக்கும். லேசான மெஷின் ஆயில் ஒரு தேக்கரண்டி விட்டால் போதும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள், நாளடைவில் பிசினாகி உள்ளே இருக்கும் பல்லையெல்லாம் பிடித்துக்கொள்ளும்.

ராசிபுரம்_மிதி (வியாழன், இரவு 9.15)

இரண்டு நாள் வேலை அதிகம், இன்றுதான் சக்கரத்தைக் கழற்றினேன்.

செயின்: 12 அங்குலத்துக்கு 1/8-ஐயும் தாண்டி நிற்கிறது. எட்டு வருடத்தில் ஒருமுறைகூட மாற்றியதில்லை.

பல்செட்: பின்னோக்கிச் சுற்றினால் நடு வளையம் அசையவில்லை. ஃப்ரீவீல்தான். பக்கத்துப் பட்டறையில் வைஸ் இருந்தது. கருவியை அதில் கடிக்கவைத்து, மேலே சக்கரத்தை வைத்து, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிப்பதுபோல் திருப்பச் சொன்னார் பட்டறைக்காரர். முதலில் அசையவே இல்லை. இரண்டாவது தரம் 'டங்' என்று ஒரு சத்தம், கழன்றுவிட்டது.

அதன் பிறகுதான் விஷயமே. அச்சின் வலது முனையைப் பிடித்துச் சுற்றினால் முனை வட்டம் போடுகிறது. வெளியே எடுத்துக் கண்ணாடி மேசையில் உருட்டினேன். ஒரு பக்கம் தூக்கித் தூக்கி விழுகிறது, நடுவில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. வலது கோன் (அச்சில் பால்ரஸ் உருளும் கூம்பு) முழுக்கக் குழி. கோட்டமெடுப்பவர் அண்ணே, நீங்கள் சொன்ன அம்மைத் தழும்பேதான். இப்போது என்ன செய்வது?

கோட்டமெடுப்பவர் (வியாழன், இரவு 10.40)

அச்சு வளைந்தது உங்கள் தவறில்லை, அந்த ஹப்பின் அமைப்பு அப்படி. ஃப்ரீவீல் ஹப்பில் பால்ரஸ் உட்காரும் இடம் பல்செட்டுக்கு உள்பக்கம். அங்கிருந்து ஃபிரேம் வரை அச்சுக்கு எந்தத் தாங்கலும் இல்லை. ஒற்றைப்பல் வண்டியில் அந்த இடைவெளி கொஞ்சம்தான். 7 கியர் போட்டவுடன் அது நீண்டுவிட்டது. குழியில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக வளையும். காசெட் ஹப்பில் வலப்பக்கப் பால்ரஸைப் பல்செட்டின் வெளிமுனைவரை தள்ளி வைத்திருக்கிறார்கள், அதனால் அச்சு லேசில் வளையாது.

முதலில் ஃப்ரீவீல் போதும் என்று சொன்னேன். அச்சு, கோன், ஃப்ரீவீல் மூன்றும் போய்விட்ட பிறகு அந்த ஹப்பில் மேலும் காசு போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசெட் ஹப் உள்ள பின்சக்கரம் ஒன்று வாங்குங்கள். கையில் இருக்கும் காசெட் வீணாகாது. கொள்ளளவும் பார்த்துவிட்டேன்: 32-லிருந்து 11 போனால் 21, அதோடு முன் 20, ஆக 41. டிஒய்300 என்றால் அதுவும் தாங்கும்.

சக்கரம் வாங்கும் முன் ஃபிரேமை அளந்துகொள்ளுங்கள். பின் ஃபோர்க்கின் இரண்டு காதுக்கும் நடுவே, உள்சுவருக்கு உள்சுவர். ஹைபிரிட்டில் 135 மி.மீ. எதிர்பார்க்கலாம், 130 ஆகவும் இருக்கலாம். ரிம் 622. உங்களுடையது வி-பிரேக், அதனால் ரிம்மின் பக்கவாட்டில் பிரேக் கட்டை உரசும் தட்டையான பட்டை இருந்தே ஆக வேண்டும். டிஸ்க் வண்டிக்கான ரிம்மில் அது இருக்காது, விலை மலிவு என்று அதை எடுத்துவிடாதீர்கள். வால்வு துளையையும் பாருங்கள். ஒல்லி வால்வுக்கான துளை 6.5 மி.மீ., மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வுக்கு 8.5 மி.மீ. உங்கள் டியூப் எதுவோ அதற்குத் தக்கபடி.

8 கியருக்கும் 9, 10 கியருக்கும் ஹப்பின் வரிப்பகுதி நீளம் ஒன்றே. 8 என்று கேட்டால் கடையில் 9-க்கானது என்று கொடுத்தாலும் வாங்கலாம். 11 கியர் ரோடு ஹப் மட்டும் 1.85 மி.மீ. நீளம். அதைக் கொடுத்தால் அந்த அளவு வாஷர் ஒன்று முதலில் போட்டுக்கொள்ள வேண்டும்.

நொய்யல்_கரை (வெள்ளி, காலை 6.30)

ஷிஃப்டர் விஷயம் நான் சொல்கிறேன். 7 கியரில் பல்லுக்குப் பல் தூரம் 5 மி.மீ., 8 கியரில் 4.8. பார்க்க ஒன்றுதான். ஆனால் ஆறு தாவலில் அந்த 0.2 சேர்ந்து சேர்ந்து கடைசிக் கியரில் உரசல் வந்துவிடும். வலது கை ஷிஃப்டரை மட்டும் 8 கியருக்கு மாற்றுங்கள். டீரெயிலர் இருப்பதே போதும். ஷிமானோவில் 6-லிருந்து 9 கியர் வரை வயரை இழுக்கும் விகிதம் ஒன்று, எத்தனை கியர் என்பதை ஷிஃப்டரின் படிகள்தான் முடிவு செய்யும். ஸ்ராம் கம்பெனியின் ஷிஃப்டரைக் கலப்பதற்கு முன் விசாரியுங்கள், அவர்களின் விகிதம் பெரும்பாலும் வேறு.

செயின் 6, 7, 8 மூன்றுக்கும் ஒன்றே, 8 கியர் செயின் என்று கேளுங்கள். நீளத்துக்கு: டீரெயிலரில் கோக்காமல், முன்னால் 48, பின்னால் 32 என்று இரண்டு பெரிய பல்லையும் சுற்றிப் போட்டு, முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து மேலும் ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். பழைய செயினின் நீளத்தைப் பார்த்து வெட்டினால் உங்களுக்குக் குட்டையாகிவிடும். பெரியதும் பெரியதும் சேரும்போது டீரெயிலரையே பிய்த்துவிடும்.

ஏற்காடு_இறக்கம் (வெள்ளி, காலை 11.00)

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். 70 வளைவு ஏறினால் 70 வளைவு இறங்கவும் வேண்டும்.

மூன்று வருடம் முன்பு ஏற்காட்டிலிருந்து சேலம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் பின் பிரேக் திடீரென்று பஞ்சுபோல் ஆனது. பிடியை இழுத்தால் ஹேண்டில்பாரைத் தொடுகிறது, சக்கரம் நிற்கவில்லை. முன் பிரேக்கை மெதுவாக விட்டுவிட்டுப் பிடித்து, ஒரு வளைவின் உள்பக்கப் புல்லில் ஏற்றி நிறுத்தினேன். கை நடுக்கம் அடங்கப் பத்து நிமிடம் ஆனது. பார்த்தால், பிரேக் வயரின் வெளிக்குழாய் பாதியில் கிழிந்து, உள்ளேயிருந்து மெல்லிய கம்பிகள் துடைப்பம்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கடையில் பிரேக்குக்குக் கியர் வயரின் குழாயைப் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

வெளியே இரண்டும் ஒரே கறுப்புக் குழாய். வெட்டு முகத்தைப் பார்த்தால் தெரியும். பிரேக் குழாயில் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுற்றிச் சுற்றி ஓடும். கியர் குழாயில் மெல்லிய கம்பிகள் நீளவாட்டில் அடுக்கியிருக்கும். கியரில் துல்லியம் வேண்டும், இழுவை குறைவு, அதற்கு அது சரி. பிரேக்கின் இழுவையைப் பிளாஸ்டிக் தோல் மட்டும் தாங்காது, கிழித்துக்கொண்டு கம்பி வெளியே வரும். ராசிபுரம் தம்பி, கிளம்பும் முன் இரண்டு பிரேக்கின் குழாய் முனையையும் கழற்றிப் பாருங்கள். பிரேக் கட்டையில் தேய்மானக் கோடு மறைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவில் விடுங்கள். ரிம் சூடேறினால் டியூபுக்கு ஆபத்து.

கோட்டமெடுப்பவர் (வெள்ளி, மதியம் 12.20)

ஏற்காடு அண்ணன் சொன்னதை இரண்டு தடவை படியுங்கள் தம்பி. கியர் தப்பாகப் பூட்டினால் இறங்கித் தள்ளலாம். பிரேக் தப்பாகப் பூட்டினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ராசிபுரம்_மிதி (மறு ஞாயிறு, இரவு 8.50)

எல்லாம் முடிந்தது. காது இடைவெளி 135. 36 கம்பி போட்ட காசெட் ஹப் சக்கரம் வாங்கினேன். டீரெயிலர் கூண்டைத் துடைத்தேன், டிஒய்300-தான். 8 கியர் வலது ஷிஃப்டர், 8 கியர் செயின், புது வயர். பின் பிரேக் குழாயை வெட்டிப் பார்த்தேன், ஸ்பிரிங்தான் இருந்தது. இருந்தாலும் எட்டு வருடப் பழையது என்பதால் இரண்டையும் மாற்றிவிட்டேன்.

ஒரு சந்தேகம். கியர் எல்லாம் சுத்தமாக விழுகிறது. 32-க்கு ஏற்றும்போது மட்டும் டீரெயிலரின் மேல் சக்கரம் பல்லை உரசிக் கரகரவென்கிறது.

கோட்டமெடுப்பவர் (ஞாயிறு, இரவு 9.05)

டீரெயிலர் ஃபிரேமில் மாட்டும் இடத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் திருகு இருக்கும், பி திருகு என்பார்கள். 32-இல் வைத்துக்கொண்டு அதை வலப்பக்கம் திருப்பினால் மேல் சக்கரம் பல்லைவிட்டு விலகும். 5, 6 மி.மீ. இடைவெளி போதும்.

அப்புறம் டீரெயிலர் சக்கரத்தின் பக்கம் எவ்வளவு போகலாம் என்று கட்டுப்படுத்தும் எல் திருகையும் சரிபாருங்கள். 32-இல் இருக்கும்போது டீரெயிலரைக் கையால் சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள். கம்பியைத் தொடும் அளவுக்குப் போகக் கூடாது. போனால் எல் திருகை உள்ளே திருப்புங்கள். ஏற்றத்தில் செயின் கம்பிக்குள் விழுந்தால் டீரெயிலரும் போகும், புதுச் சக்கரமும் போகும். முதல் நூறு கிலோமீட்டரில் புதுக் கம்பிகள் கொஞ்சம் இறங்கி உட்காரும். அதன் பிறகு ஒருமுறை கோட்டம் பார்க்கக் கொடுத்துவிட்டு மலைக்குப் போங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் வெளிச்சம் சீராகத் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாலே கோட்டம் தெரிந்துவிடும்.

வடமராட்சி_சைக்கிள் (திங்கள், காலை 8.15)

ரலி ஓடுகிறது. 11 பால்ரஸ், இரண்டு பக்கமும் புதிது, பழைய கப். ஆட்டம் அறவே இல்லை. நேற்று பருத்தித்துறை வரை போய் வந்தேன். திரும்பி வந்து காட்டர் பின் நட்டை இறுக்கினேன், அரைச் சுற்று போனது.

ராசிபுரம்_மிதி (இரண்டு வாரம் கழித்து, சனி, பிற்பகல் 2.40)

மலைமேல் சோளக்காட்டிலிருந்து எழுதுகிறேன். காலை 5.30-க்குக் காரவள்ளியில் கிளம்பினேன். முப்பத்திரண்டாவது வளைவில் ஒருமுறை தண்ணீர் குடிக்க நின்றேன், நாற்பத்தெட்டில் பாலத்துச் சுவரில் கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு இடத்திலும் இறங்கித் தள்ளவில்லை. பாதிக்கு மேல் முன் 28, பின் 32-லேயே வந்தேன். செயின் ஒருமுறைகூடத் தாவவில்லை.

பிரேக் கட்டையை இப்போது பார்த்துவிட்டேன், கோடு நன்றாகத் தெரிகிறது. வெயில் தாழ்ந்ததும் இறங்குகிறேன்.